ஃபாண்டம் ஜெட் மாடல்: எந்த கிட், எந்தப் படங்கள்?

'முதல்முறை எஃப்-4 ஃபாண்டம் (அமெரிக்கப் போர் விமானம்) மாடல் செய்யப் போகிறேன், எந்த கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் பெட்டி) வாங்கலாம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டைப் பிறகு பார்க்கலாம். எந்த நாட்டின், எந்தப் படையணியின், எந்த ஆண்டு விமானம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஏனென்றால் ஃபாண்டம் என்பது ஒரே விமானம் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-4பி மூக்கில் பீரங்கி கிடையாது. விமானப்படையின் எஃப்-4இ நீண்ட மூக்கின் அடியில் 20 மி.மீ. பீரங்கி வைத்திருக்கும். பி-யையும் கடற்படையின் இன்னொரு வகையான எஃப்-4ஜே-யையும் பக்கத்தில் வைத்தால் ஜே-யின் எஞ்சினின் பின்பக்கப் புகைவாய் நீளம், சக்கரம் அகலம், அதற்காக இறக்கையில் ஒரு புடைப்பு. பெட்டியின் மேல் வெறும் 'ஃபாண்டம்' என்று பார்த்து வாங்கிவிட்டு, பிடித்த டீக்கால் (சின்னங்கள், எண்கள் கொண்ட ஒட்டுப்படம்) அதற்குப் பொருந்தாமல் நான் விழித்ததுண்டு.

அளவு? நிஜ எஃப்-4இ சுமார் 19.2 மீட்டர். 1/72 மாடலில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) 27 செ.மீ., 1/48-இல் 40, 1/32-இல் 60. அலமாரியை அளந்துகொள்ளுங்கள். கடற்படை பி போதுமென்றால் டாமியா நிறுவனத்தின் 1/48 கிட் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அப்புறம், பார்த்துச் செய்ய நிஜ விமானத்தின் படங்கள். வால் எண் தெரியும்படி, நீங்கள் தேர்ந்த அதே ஆண்டில் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அதுவே பொக்கிஷம். அருங்காட்சியக விமானத்தை சக்கரக் குழி, காக்பிட் போன்ற நுணுக்கங்களுக்கு மட்டும் நம்புங்கள். வண்ணத்துக்கு வேண்டாம், பல முறை பூசியிருப்பார்கள். பழைய வண்ணப்படங்களும் மங்கி ஏமாற்றும். அமெரிக்க விமானமென்றால் எஃப்எஸ் எண்ணை (அமெரிக்க அரசின் வண்ணத் தர எண்) பார்த்து பெயின்ட் எடுங்கள்: கடற்படைச் சாம்பல் 16440, அடிப்பக்க வெள்ளை 17875.