பெங்களூரில் மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகன், இங்கிலாந்தில் வயலுக்குள் நடந்து நடந்து பழங்காசு எடுக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தனக்கும் மெட்டல் டிடெக்டர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். ஆன்லைனில் ஐந்தாயிரத்துக்கும் இருக்கிறது, முப்பதாயிரத்துக்கும் இருக்கிறது. எதை வாங்குவது, பெங்களூரில் எங்கே போய்த் தேடுவது, பழைய காசு கிடைத்தால் நாமே வைத்துக்கொள்ளலாமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதன் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் மாறிவிடும். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட முடியாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது, மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அந்தக் காலத்துப் பத்து ரூபாய்தான், ஆனால் எண் அப்படியே நிற்கிறது. கர்நாடகத்துக்கு 1962-ல் தனியாக ஒரு புதையல் சட்டமும் வந்திருக்கிறது, ஆகவே இங்கே நீங்கள் போக வேண்டியது டி.சி. (டெபுட்டி கமிஷனர், நம் கலெக்டர் மாதிரி) ஆபீசுக்கு. இதற்கு மேல் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம்: நூறு வயது கடந்த காசு தொல்பொருள் கணக்கில் வரும், அதை விற்கிற வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

அந்த வீடியோக்காரர்கள் மட்டும் எப்படி என்றால், அங்கே 1996-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, அடுத்த ஆண்டிலிருந்து கிடைத்ததையெல்லாம் பதிவு செய்துகொள்ள ஊர் ஊராக ஆள் வைக்கத் தொடங்கினார்கள். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் அங்கேயும் கால் வைக்க முடியாது. வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் மண்ணில் ஒன்றும் இல்லையா என்று பையன் கேட்பான். இருக்கிறது. யஷ்வந்த்பூரில் 1891-லேயே ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட குவியல் எந்த ஆழத்தில், எந்தப் பானையில், பக்கத்தில் எதனோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் வணிகர் விட்டுப்போனதா, யாராவது பயந்து புதைத்ததா என்று ஆய்வாளர்கள் பேச முடியும். நாம் தோண்டி எடுத்துவிட்டால் வெறும் வெள்ளிதான் மிஞ்சும்.

அப்புறம் எங்கே தேடுவது? கப்பன் பார்க், லால்பாக் இரண்டும் 1975-ஆம் ஆண்டின் பூங்காப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை, மண்வெட்டியோடு போனால் காவலாளி வருவார். கோட்டை, திப்பு அரண்மனை மாதிரி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களை நினைக்கவே வேண்டாம், சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. ஊர்ப்பக்கம் போகலாமே என்றால் அங்கே வேறு சங்கடம். ‘நிதி’ (புதையல்) எடுக்கிறேன் என்று ராத்திரியில் கோயிலையும் நடுகல்லையும் பெயர்க்கிற கும்பல்களால் கர்நாடகக் கிராமங்கள் நொந்துபோயிருக்கின்றன. 2019-ல் ஆனேகுந்தியில் மத்வ மகான் வியாசராஜரின் பிருந்தாவனத்தையே, அதாவது சமாதியையே, புதையலுக்காக உடைத்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தில் இருக்கிற ஊருக்குள் நீங்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் டிடெக்டரோடு நடந்தால் என்ன நினைப்பார்கள்? ஹொஸ்கோட்டை பக்கம் நண்பரின் சொந்தத் தோட்டத்திலேயே என்னைச் சுற்றி அரை மணி நேரத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள், நண்பர் வந்து கன்னடத்தில் சமாதானம் சொன்ன பிறகுதான் கலைந்தார்கள்.

கோலார் தங்கவயலில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கே போய்த் தங்கம் தேடும் ஆசையும் வரும். அங்கே தங்கம் வெள்ளைக்கல்லுக்குள் பொடிப்பொடியாகக் கலந்தது, இந்தக் கருவிக்குக் கேட்காது. 2001-ல் மூடிய சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டில் பிள்ளைகளை விடவும் கூடாது.

ஆக, நமக்கு மிஞ்சுவது தொலைந்ததைத் தேடித் தருவது. சொந்த வீட்டுக் கொல்லை, தெரிந்தவர் தோட்டம், அனுமதி வாங்கிய பள்ளி மைதானம். சப்பென்று இருக்கிறதே என்று தோன்றலாம், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பக்கத்துத் தெரு அத்தை ஒருவரின் சங்கிலி ரோஜாச் செடிகளுக்கு நடுவே விழுந்து இரண்டு நாளாகக் கிடைக்காமல் இருந்ததை எடுத்துக் கொடுத்த அன்று மாறிவிட்டது. அதில் ஒன்று கற்றுக்கொண்டேன்: மோதிரத்தைவிடச் சங்கிலி கஷ்டம். கருவி மொத்தச் சங்கிலியைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது, அவ்வளவு சின்னதுக்குச் சத்தமே வராது. எனக்குக் கேட்டது அதில் கோத்திருந்த டாலர்.

கருவி செய்வது எளிதான வேலை. தட்டு மாதிரி இருக்கும் காயிலில் மாறுமின்னோட்டம் ஓடி ஒரு காந்தப்புலம் உண்டாகிறது, அது மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது, அதன் எதிரொலி எவ்வளவு தாமதித்துத் திரும்புகிறது என்பதை வைத்துத் திரையில் ஒரு எண் காட்டுகிறது. தங்க மோதிரமும் அலுமினியத் தகடும் பல நேரம் ஒரே எண்ணில் வந்து நிற்கும். ஆகவே மோதிரம் வேண்டுமென்றால் மாத்திரை அட்டை, குவார்ட்டர் பாட்டில் மூடி எல்லாவற்றையும் தோண்டித்தான் தீர வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

இன்னொரு சூட்சுமம், வெளிநாட்டு வீடியோவில் சொல்லித் தரமாட்டார்கள். ஆணி, கம்பி தொந்தரவு செய்யாமலிருக்க ‘இரும்பை ஒதுக்கு’ என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டுக்கொண்டுதான் அங்கே நடப்பார்கள். நம் பையில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐம்பது பைசாவில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். எஃகுக் காசு. அந்த அமைப்பைப் போட்டால் நம் சில்லறையையும் சேர்த்து ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். மஞ்சள் ஐந்து ரூபாய் ஒட்டாது, தெளிவாகக் கேட்கும். செம்புக் காலணாவும் பழைய வெள்ளி ரூபாயும் மணி அடித்த மாதிரி இருக்கும்.

இப்போது விலைக்கு வருவோம். பெங்களூர் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். மலிவான கருவியில் மண் சமன், அதாவது மண்ணே எழுப்பும் சத்தத்தை ஒதுக்குகிற அமைப்பு, தொழிற்சாலையிலேயே ஒரு அளவில் பூட்டப்பட்டிருக்கும், அது இந்த மண்ணில் ஓயாமல் முணுமுணுக்கும். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்று, ஒரே மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது. மண் சமனைக் கையால் மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், நடுத்தர விலை போதும். ‘பத்தடி ஆழம்’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள், ஒற்றைக் காசு என்றால் ஒரு சாண் ஆழமே பெரிய விஷயம். தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று ஆண்டெனாக் குச்சி வைத்து விற்கிறார்களே, அது சுத்த ஏமாற்று. மெரினாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் ஒன்று: ஈர உப்பு மணலில் சாதாரணக் கருவி உளறும், காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் கொல்லையில் ஒரு காசுப் பாத்தி போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகைக் காசையும் 5, 10, 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டு, எந்தக் காசு எப்படிக் கேட்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். காயிலைத் தரைக்கு இரண்டு விரல் மேலே மட்டமாகப் பிடித்து, முந்தைய வீச்சில் பாதியை மூடுகிற மாதிரி மெதுவாக வீச வேண்டும். சத்தம் வந்த இடத்தைக் குறுக்காகவும் ஒருமுறை பார்த்தால் நடுப்புள்ளி கிடைக்கும். புல்லை மூடி மாதிரி ஒரு பக்கம் விட்டு வெட்டித் திறந்து, வேலை முடிந்ததும் மூடி மிதித்துவிடுங்கள். சத்தம் கோடு போட்ட மாதிரி நீண்டுகொண்டே போனால் அது பைப் அல்லது மின்சார கேபிள், அங்கே தோண்டக் கூடாது. தோட்டா, குண்டு மாதிரி எதுவும் தெரிந்தால் தொடாமல் 112-க்குப் போன் செய்யுங்கள், கன்டோன்மென்ட் ஊர் இது.

அப்படியும் கொல்லையிலேயே நிஜமான பழங்காசு வந்துவிட்டால் அதற்கு மேல் தோண்டாதீர்கள், போட்டோ எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு டி.சி. ஆபீசுக்கு எழுதிக் கொடுங்கள். மண்ணோடு அப்படியே ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று வீட்டில் யாராவது புளியைக் கரைப்பார்கள், தேய்க்கக் கூடாது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.