ஆறாவதுக்கே விடுதியா? முன்பணம் கட்டுமுன் நேர அட்டவணையைப் படியுங்கள், அக்கா

அக்கா, வணக்கம். பேரையூர்ப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பையன் அரசுப் பள்ளியில் அஞ்சாவது முடிக்கப் போகிறான், மதுரைக்குப் பக்கத்தில் பையன்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் ஆறாவதுக்கு இடம் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் "நல்ல ஸ்கூல்தானா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

நல்ல வேளையாக அவர்கள் கொடுத்த தாளை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நீச்சல்குளப் படத்தையும் போன வருட மார்க் பட்டியலையும் தள்ளி வையுங்கள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு நேர அட்டவணை இருக்கிறது பாருங்கள், உங்கள் பையன் வாழப்போவது அதற்குள்தான். அதை நான் படிக்கிற மாதிரி உங்களோடு சேர்ந்து ஒருமுறை படிக்கிறேன்.

காலை 5 மணிக்கு எழுப்பும் மணி. 5.15க்கு உடற்பயிற்சி. 5.45 முதல் 7 வரை படிப்பு. 7 முதல் 8 வரை குளியல், 8 மணிக்கு டிபன், 9 முதல் 4 வரை வகுப்பு. அப்புறம் டீ, சுண்டல், ஒரு மணி நேரம் விளையாட்டு, துணி துவைக்க முக்கால் மணி நேரம், 6.15க்குப் பிரார்த்தனை, 6.30 முதல் 8 வரை மறுபடி படிப்பு, சாப்பாடு, 8.30 முதல் 9.45 வரை மூன்றாவது தடவையாகப் படிப்பு, 10 மணிக்கு விளக்கை அணைப்பார்கள். கூட்டிப் பாருங்கள். வகுப்பு போக நான்கு மணி நேரம் படிப்பு, தூக்கம் ஏழே மணி நேரம். பத்து வயசுப் பிள்ளைக்குக் குறைந்தது ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த அட்டவணை பன்னிரண்டாவது படிக்கிற பையனுக்காகப் போட்டது, அதையே ஆறாவதுக்கும் ஒட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சின்னப் பையன்களுக்குத் தனி நேரம் உண்டா? சில விடுதிகளில் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளை 9 மணிக்கே படுக்க விட்டு 6 மணிக்கு எழுப்புகிறார்கள். அப்படி இருந்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா, அப்பத்தான் ஒழுக்கம் வரும்" என்று பதில் வந்தால், என் மனசுக்கு அந்த இடம் சரிப்படாது.

அடுத்தது அந்த 7 முதல் 8 வரை குளியல். தாளில் ஒரு வரிதான், ஆனால் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய வரி. ஒரு மாடியில் 60 பையன்கள், குளியலறை ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பையனுக்கு ஆறு நிமிஷம் வருகிறது. பெரிய பையன்கள் முந்திக்கொள்வார்கள். சின்னவன் வாளியோடு நின்று பார்த்துவிட்டு முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு போவான். கக்கூசுக்கும் இதே கணக்குதான், வரிசைக்குப் பயந்து அடக்கிக்கொண்டே வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஜூலை மாதத்தில் வயிற்றுவலி வயிற்றுவலி என்று போன் வரும், காரணம் இதுவாக இருக்கும். ஆகவே பள்ளியைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டால் ஆய்வகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் குழாய்களை எண்ணுங்கள், ஒவ்வொன்றையும் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. விடுதியில் துண்டும் போர்வையும் கைமாறும், சிரங்கு அப்படித்தான் பரவுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள் புகுந்துகொள்வதால் வருவது அது, ராத்திரியில் அரிப்பு அதிகமாக இருக்கும். ஒரு பையனுக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது, அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட்டு, துணியையும் படுக்கையையும் வெந்நீரில் அலச வேண்டும். "சிரங்கு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று வார்டனிடம் கேட்டுப் பாருங்கள். தடுமாறாமல் இதைச் சொல்கிறவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். விளையாட்டு முடிந்து பிரார்த்தனை மணி அடிக்கும் வரை அந்த முக்கால் மணி நேரம். பொழுது சாயும் நேரம். நானும் ஆறாவதிலிருந்து விடுதியில் வளர்ந்தவன்தான், பகல் முழுக்க அழுகை வராது, ராத்திரி களைப்பில் தூங்கிவிடுவோம், ஆனால் வெளிச்சம் மங்கிக் காக்கைகள் அடையும்போது அம்மா இந்நேரம் விளக்கேற்றியிருப்பாள் என்று ஒரு நினைப்பு வரும், தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து துவைக்காத சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அப்படித்தான். அந்த நேரத்தில் அங்கே பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆசிரியர்கள் 4.15க்கு பஸ் ஏறிவிடுவார்கள், வார்டன் 6 மணிக்கு மேல்தான் வருவார் என்றால், அந்த இடைவெளியில் சின்னப் பையனைப் பெரிய பையன்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். துவைக்கச் சொல்வது, தின்பண்டத்தைப் பிடுங்குவது, அதற்கு மேலும்.

ராத்திரியும் கேளுங்கள். தூங்கும் கூடத்தில் பெரியவர் யாராவது படுக்கிறாரா, கூப்பிடு தூரத்தில் இருக்கிறாரா? இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சேர்ந்த முதல் மாதத்தில் நான் பாயை நனைத்துவிட்டேன். காலையில் வார்டன் அந்தப் பாயைத் தலையில் சுமக்க வைத்து உடற்பயிற்சி முடியும் வரை மைதானத்தில் நிறுத்தினார். முப்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஈரப்பாயின் வாடை மறக்கவில்லை. அதற்கப்புறம் சமையல்கட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர், பாத்திரம் கழுவி முடித்ததும் 11 மணிக்கு வந்து என் கால் கட்டைவிரலைத் தொட்டு எழுப்புவார், வெளியே கூட்டிப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். தீபாவளிக்குள் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. உங்கள் பையனுக்கும் எப்போதாவது அப்படி நடக்கிறது என்று கடைசி வரியில் தயங்கி எழுதியிருக்கிறீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை அக்கா, ஆனால் வார்டனிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பையனுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

வருஷ அட்டவணைக்கு வருவோம். ஜூனில் திறந்தால் காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அது முடிந்துதான் முதல் நீண்ட விடுமுறை. அதாவது முதல் பருவம்தான் இருப்பதிலேயே நீளமானது, வீட்டை விட்டு முதல்முறை போகிற பிள்ளைக்கு ஏறக்குறைய நாலு மாதம். அதன் பிறகு தீபாவளி, அரையாண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறை, பொங்கல் என்று அடுத்தடுத்து வந்துவிடும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுக்கு எத்தனை தடவை விடுவார்கள், பார்க்க எந்தெந்த ஞாயிறு வரலாம், போன் எந்த நாளில் எத்தனை நிமிஷம் என்று தேதியோடு கேளுங்கள். "முதல் ஆறு வாரம் யாரும் வரக்கூடாது, வந்தால் பிள்ளை செட் ஆகாது" என்று சில இடங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அழுதாலும் பரவாயில்லை, மூன்றாவது வாரம் போய்ப் பாருங்கள், ஆனால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், காலாண்டு விடுமுறைக்கு வந்து திரும்பப் போகும்போது அவன் எப்படிப் போகிறான் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகாமல் யாரும் இருக்க மாட்டீர்கள், அது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும், பள்ளிக் காலண்டரில் அதற்கு இரண்டு நாள் சேர்த்து லீவு இருக்காது, பரீட்சை நெருங்குகிற சமயம் வேறு. சித்திரைத் திருவிழாவும் சில வருஷம் ஏப்ரல் பரீட்சையை ஒட்டி வரும். தாத்தா விடுதிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார் என்றீர்கள், பேரன் இல்லாமல் கோயிலுக்குப் போக அவருக்குச் சம்மதமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், பிப்ரவரியில் போய்ப் பள்ளி வாசலில் நின்று சண்டை போடக்கூடாது.

இனி பணமும் எதிர்காலமும். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் வரை அதை நீட்டினார்கள். கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் தொடங்கியது, அதற்கும் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. இந்தத் தனியார் ஆங்கில வழி விடுதிப் பள்ளியில் ஆறாவது சேர்ந்த அன்றைக்கே மூன்று வாசலும் அநேகமாக மூடிவிடும். வருஷத்துக்கு இவ்வளவு கட்டணம் கட்டி இதையும் இழப்பது சரியா என்று வீட்டுக்காரரோடு போனில் நிதானமாகப் பேசுங்கள்.

என் கருத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். எட்டாவது வரை பக்கத்து அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும். எட்டாவதில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வை எழுதட்டும், தேறினால் பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய் உதவித்தொகை வரும். ஒன்பதாவதில் அரசின் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிக்கு முயற்சி செய்யலாம், அப்போது அவனுக்குப் பதிமூன்று பதினாலு வயசு, தன் துணியைத் தானே துவைத்து, தன் வயிற்றுவலியைத் தானே சொல்லத் தெரிந்திருக்கும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் கஷ்டம் என்றால், அரசு மாணவர் விடுதிகளும் கள்ளர் சீரமைப்புத் துறை விடுதிகளும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, அங்கே தங்கி அரசுப் பள்ளிக்குப் போனால் மேலே சொன்ன எதுவும் போகாது. ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று பையனே ஆசைப்படுகிறான் என்றால் மட்டும் உடுமலை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியைப் பற்றித் தனியாகப் பேசுவோம், அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அந்த அட்டவணை கடுமையாக இருப்பதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு தாத்தா சொன்னபடிதான் என்று முடிவானால், முன்பணம் கட்டுமுன் விடுதி உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் தங்கும் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014இல் வந்த சட்டம் இருக்கிறது. சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பையனை ஏப்ரலிலிருந்தே பழக்குங்கள். ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிஷத்தில் குளிக்கட்டும். ஜட்டி, சாக்ஸ் இரண்டையும் தினமும் அவனே துவைத்துக் காயப் போடட்டும். பெட்டிச் சாவியைக் கழுத்தில் கயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கட்டும். மே மாதத்தில் சித்தி வீட்டில் ஒரு வாரம் நீங்கள் இல்லாமல் விட்டுப் பாருங்கள். துணியில் எண் குத்தச் சொல்வார்கள், நீங்கள் மெஷினில் பத்து நிமிஷத்தில் அடித்துவிடுவீர்கள் என்று தெரியும், ஆனால் ஊசியில் நூல் கோத்து அவன் கையில் கொடுங்கள், ஒரு சட்டைக்காவது அவனே தைக்கட்டும், அறுந்த பட்டனுக்கும் அது உதவும். தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குப் போகணும்னு இருக்காடா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தாத்தா சொன்னதும் வீட்டுக்காரர் சொன்னதும் இருக்கிறது, அவன் சொன்னது ஒரு வரிகூட இல்லை. திங்கட்கிழமைக்கு முன் அந்த ஒரு வரியை எனக்கு அனுப்புங்கள்.