கனடாவில் இருந்து வந்த நித்திரைக் குளிசை: மகனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்கு 18 வயது, உயர்தரம் படிக்கிறான். இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்தாலும் 2 மணிவரை புரண்டுகொண்டு கிடக்கிறான். 6 மணி ரியூசனுக்கு எழுப்புவதென்றால் பெரும்பாடு. விடுமுறையில் மட்டும் 10 மணிவரை நன்றாக நித்திரை கொள்கிறான். கனடாவில் இருக்கும் என் அண்ணா 10 மில்லிகிராம் மெலடோனின் போத்தல் ஒன்று அனுப்பியிருக்கிறார். படுக்கும்போது கொடுக்கலாமா, டொக்டர்?

பதில்: அப்படிக் கொடுக்க வேண்டாம், அம்மா. அளவும் கூட, நேரமும் பிழை. ஆனால் விடுமுறையில் 2 மணியிலிருந்து 10 மணிவரை ஒழுங்காக நித்திரை கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. அவனுடைய நித்திரை கெடவில்லை, உடற்கடிகாரம்தான் பிந்தி ஓடுகிறது. பருவ வயதில் இது எல்லோருக்கும் ஓரளவு பிந்தும். இவனுக்குக் கொஞ்சம் கூடிவிட்டது. தயவுசெய்து சோம்பேறி என்று ஏசாதீர்கள்.

கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் சேர்ந்து நேரத்தைக் கணக்கு வைக்கின்றன. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நித்திரை ஆய்வாளர் சார்ல்ஸ் செய்ஸ்லரின் குழு, பொழுது தெரியாதபடி மங்கிய வெளிச்சத்தில் ஆட்களைத் தங்கவைத்து இந்தக் கடிகாரத்தை அளந்தது. ஒரு சுற்றுக்குச் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் அறிவித்தது. தன்பாட்டில் விட்டால் நாளுக்கு நாள் பிந்தும் கடிகாரம் இது. தினமும் அதைத் திருத்திவைப்பது காலை வெளிச்சம்.

மெலடோனின் அந்தக் கடிகாரம் அடிக்கும் மணி. வழமையான நித்திரை நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணித்தியாலம் முன்பே இரத்தத்தில் ஏறத் தொடங்கும். கோணேசர் கோயில் மணி கேட்டால் பூசை நேரம் என்று ஊருக்குத் தெரியும். பூசையை மணி செய்வதில்லை. அதுபோலத்தான். உங்கள் மகனுக்கு இந்த மணி அடிப்பதே நள்ளிரவளவில். 11 மணிக்கு 10 மில்லிகிராம் விழுங்கினால் கொஞ்சம் அசதி வரலாம், ஆனால் கடிகாரம் பெரிதாக நகராது. காலமையில் தலைப்பாரம்தான் மிஞ்சும். கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்த, சரியான நேரத்தில் எடுத்தால் 0.5 மில்லிகிராமே ஏறத்தாழ 3 மில்லிகிராம் அளவுக்கு உதவுவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அவனுக்கு அந்த நேரம் இரவு 8 மணியளவு. அதையும் ஒரு வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

போத்தலில் எழுதியிருக்கும் அளவையும் நம்ப முடியாது. கனடாவில் வாங்கிய 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், லேபிளில் சொன்னதைவிட 83 வீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 வீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டுத் தயாரிப்புகளில் செரடோனின் என்ற இன்னொரு மூளை இரசாயனமும் கலந்திருந்தது.

இனி வெளிச்சம். பலர் பிழைவிடுவது இங்கேதான். தானாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு உடல் வெப்பம் ஆகக் குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முந்தச் செய்யும். அதற்கு முன் படும் வெளிச்சம் இன்னும் பிந்தவைக்கும். 10 மணிக்கு விழிப்பவனுக்கு அந்தப் புள்ளி 7, 8 மணியளவில் வரும். காலை 6 மணி அவன் உடலுக்கு நடுச்சாமம். அந்த நேரம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் பலன் எதிர்மாறாகலாம்.

அடுத்த விடுமுறையில் இரண்டு கிழமை ஒதுக்குங்கள். அந்த நாட்களில் 6 மணி வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்றித்தர முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள். முதல் இரண்டு நாள் 9.30க்கு எழும்பட்டும். எழும்பிய கையோடு அரை மணித்தியாலம் வெளியே இருக்கவேண்டும். வெயில் சுட்டால் மர நிழல் போதும். ரியூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெளியே நிழலிலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் முன்னுக்கு எடுங்கள். பதினைந்தாம் நாள் 6 மணிக்கு வந்துவிடுவான். அதன்பிறகு உங்கள் கடற்கரையே போதும்: கிழக்கே பார்த்த கரை, கடலுக்குள்ளிருந்து எழும்பும் சூரியன். நேராக மட்டும் பார்க்க வேண்டாம்.

இரவு 9 மணிக்குப் பிறகு பெரிய ரியூப்லைட்டை அணைத்து, புத்தகத்தில் மட்டும் விழும் மஞ்சள் மேசைவிளக்கு வையுங்கள். போன் ஹோலில் சார்ஜில் கிடக்கட்டும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். நித்திரை வராமல் 11 மணிக்கே படுக்கச் சொல்லாதீர்கள். விழித்துக் கிடந்து கிடந்து கட்டில் என்றாலே விழிப்பு என்று பழகிவிடும்.

விடுமுறையிலும் நித்திரை இல்லை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறது, எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்திருக்கிறான் என்றால் இரண்டு கிழமை காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். வலிப்பு இருந்தாலோ, வோர்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது), ஃபுளுவொக்சமின் (மனநல மருந்து) போன்ற மருந்து எடுத்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். அண்ணா அனுப்பிய போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.