அமிக்டலா போனால் பயமும் போய்விடுமா? கேள்வி பதில்

கேள்வி: சார், பயத்துக்குக் காரணமே மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதிதான் என்று படித்தேன். அது இல்லாத மனிதருக்குப் பயமே வராதா?

பதில்: அப்படி ஒரு பெண் உண்மையிலேயே இருக்கிறார். ஆய்வுகளில் எஸ்.எம். என்று மட்டும் சொல்வார்கள். உர்பாக்-வீத்தே என்ற அரிய பரம்பரை நோயால் அவருக்கு இரண்டு பக்கத்து அமிக்டலாவும் அழிந்துவிட்டன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரை விலங்குக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பாம்பென்றால் வெறுப்பு என்று சொல்லிவந்தவர், அங்கே ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பயமுறுத்துவதற்கென்றே அமைத்த பேய் வீட்டுக்குக் கூட்டிப்போனால், எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே நடந்தார். இது 2011-இல் வெளியான ஆய்வு.

இதோடு நிறுத்திவிட்டால் நீங்கள் படித்தது சரி. ஆனால் 2013-இல் அவரையும், அதே பாதிப்புள்ள இரட்டைச் சகோதரிகளையும் 35 சதவீத கார்பன்-டை-ஆக்ஸைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கவைத்தார்கள். மூன்று பேருமே பீதியில் துடித்தார்கள். வெளியே இருந்து வரும் ஆபத்தை ‘இது முக்கியம், கவனி’ என்று எடுத்துக்கொடுப்பதுதான் அமிக்டலாவின் வேலை. மூச்சு முட்டுவது போல உடம்புக்குள்ளிருந்தே கிளம்பும் பயத்துக்கு அது தேவைப்படவில்லை. மூளையையும் பயத்தையும் ஆராயும் துறையின் பெரிய ஆளான ஜோசப் லெடூவே, நாம் உணர்கிற பயம் அமிக்டலாவில் பிறப்பதில்லை, அங்கே நடப்பது தற்காப்பு ஏற்பாடு மட்டும்தான் என்கிறார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

கேள்வி: அண்ணா, என் தம்பிக்குத் திடீர் திடீரென்று காரணமே இல்லாமல் பயம் வருகிறது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரி இருக்கிறது என்கிறான். அப்புறம் ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்துக்கொண்டு வாயை மெல்லுகிறான், கூப்பிட்டால் பதிலில்லை. மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்கிறார் அம்மா.

பதில்: தயவுசெய்து முதலில் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நேரில் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது டெம்போரல் லோப் என்ற மூளைப் பகுதியில் வரும் வலிப்பின் வர்ணனை மாதிரியே இருக்கிறது. காதுக்கு மேலே, மண்டைக்குள் இருக்கும் அந்தப் பகுதியின் உட்புறத்தில்தான் அமிக்டலா இருக்கிறது. வலிப்பின் மின்சாரம் அங்கே பரவும்போது, பயப்பட எதுவும் இல்லாமலே பயம் வரும். கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்று நம் ஊரில் நினைப்பதால், பலர் இதைப் பேய்க்கோளாறு என்றோ மனநோய் என்றோ வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பேனிக் அட்டாக் என்ற திடீர்ப் பீதியோடும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். பேனிக்கில் ஆள் நினைவோடு இருப்பார், பயம் பல நிமிடங்கள் நீடிக்கும். இந்த வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், முடிந்ததும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும். அடுத்த முறை வரும்போது போனில் வீடியோ எடுத்துவையுங்கள், மருத்துவருக்குப் பல பரிசோதனைகளைவிட அது உதவும். அதுவரை பைக், கிணறு, குளம் எதுவும் வேண்டாம்.

பலருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். சரியான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அறுவைசிகிச்சை பற்றிக் கேட்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1990-களிலிருந்தே செய்கிறார்கள்.

கேள்வி: கோபக்காரர்களுக்கு அமிக்டலாவை அழிக்கும் ஆபரேஷன் மெட்ராஸில் நடந்தது என்கிறார்களே, கதையா?

பதில்: கதை இல்லை. ஜப்பானில் நாராபயாஷி என்ற மருத்துவர் 1963-இல் இதைப் பற்றி எழுதினார். அதைத் தொடர்ந்து சென்னையில் மூளை அறுவைசிகிச்சை நிபுணர்களான பி. ராமமூர்த்தியும் வி. பாலசுப்பிரமணியமும், கட்டுப்படாத ஆவேசம் உள்ளவர்களுக்கு மண்டையில் சிறு துளை போட்டு, ஊசி மாதிரியான கருவியால் அமிக்டலாவின் ஒரு பகுதியை அழித்தார்கள். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார்கள், குழந்தைகளுக்கும்கூட. பலர் அமைதியானதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘அமைதி’ யாருக்குத் தேவைப்பட்டது, நோயாளிக்கா வீட்டாருக்கா என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளில் பெரிதாக எழவில்லை. ராமமூர்த்தி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த அத்தியாயத்தை மட்டும் சங்கடத்தோடுதான் படிக்கிறேன். இன்று ஆவேசத்துக்கு முதலில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும்தான்.

கேள்வி: விபத்து நடந்து இரண்டு வருடம் ஆகிறது. லாரி ஹாரன் கேட்டாலே கை நடுங்குகிறது. எம்ஆர்ஐ எடுத்தால் அமிக்டலா கெட்டுப்போனது தெரியுமா டாக்டர்?

பதில்: தெரியாதுங்க, அந்தப் பணத்தை மிச்சம் பண்ணுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அமிக்டலா அதிகமாகத் துடிக்கிறது, அதை அடக்கும் நெற்றிப்பக்க மூளை மந்தமாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது கூட்டத்தின் சராசரி, ஒரு தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. கெட்டுப்போகவும் இல்லை. ஹாரன், மோதல் இரண்டையும் அது முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது. சிகிச்சையில் அந்த முடிச்சு அழிவதில்லை. ‘ஹாரன் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை’ என்ற புதிய பாடம் அதன்மேல் ஏறுகிறது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, துணையோடு, அந்தச் சத்தத்தை எதிர்கொள்ள வைப்பார்கள். சாலையையே தவிர்த்துக்கொண்டிருந்தால் புதிய பாடத்துக்கு வழியே இல்லை. மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள்.

கேள்வி: ஐந்து நிமிடத்தில் ‘அமிக்டலா ரீசெட்’ செய்யும் வீடியோ பார்த்தேன். பலிக்குமா?

பதில்: மெதுவாக மூச்சு விட்டால் படபடப்பு குறையும். அதற்கு மேல் அந்தத் தலைப்பில் ஒன்றும் இல்லை. ஒழுங்காகத் தூங்குங்கள்: ஒன்றரை நாள் தூங்காமல் வைத்திருந்த இளைஞர்களுக்குக் கொடூரமான படங்களைக் காட்டியபோது, தூங்கியவர்களைவிட அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்ததை 2007-இல் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: பாட்டிக்கு அல்சைமர். காலையில் திட்டியதை மறந்துவிடுகிறார், ஆனால் நாள் முழுக்க முகம் வாடியே இருக்கிறது. நினைவில்லாமல் எப்படி வருத்தம்?

பதில்: அயோவாவில் இதையே சோதித்தார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகக் காட்சிகளைக் காட்டினால், சற்று நேரத்தில் காட்சி மறந்துவிடுகிறது, சோகம் மட்டும் தங்குகிறது. நடந்ததைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சீக்கிரமே தேய்கிறது. அமிக்டலாவும் தேயத்தான் செய்கிறது, ஆனால் மனநிலை அந்த ஒரு இடத்தை மட்டும் நம்பி இல்லை. காரணம் பாட்டிக்குத் தெரியாது என்பதால் ‘ஏன் அழுகிறாய்’ என்று கேட்காதீர்கள். பிடித்த பாட்டைப் போடுங்கள், பேச்சை மாற்றுங்கள். திட்டுபவர் யாரோ அவரிடமும் பேசுங்கள்.