மழையில் ஏறாத மண் பாதைக்கு 22 லட்சம் ரூபாய் கார் வேண்டுமா?

கேள்வி: நான் கோத்தகிரி அருகே அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் எங்கள் இரண்டரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். பிடித்தம் போக என் சம்பளம் மாதம் 78,000 ரூபாய். பசுந்தேயிலையில் செலவு போக வருடம் ஒன்றரை லட்சம் நிற்கும். விலை இறங்கினால் அதுவும் குறையும். வீட்டுச் செலவு மாதம் 45,000. மகள் கோவையில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிக்கும் விடுதிக்கும் சேர்த்து வருடம் 1.6 லட்சம். எஃப்.டி.யில் 11 லட்சம் இருக்கிறது. கடன் எதுவும் இல்லை.

தார் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 300 மீட்டர் மண் பாதை. மழை பிடித்தால் அதில் ஒரு வளைவில் எங்கள் பழைய சின்னக் கார் ஏறாது, சக்கரம் சுழலும். போன ஐப்பசி, கார்த்திகையில் 12 நாள் போலக் காரை மேலேயே விட்டுவிட்டு நடந்தோம். அதில் ஓர் இரவு மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்து, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் கார் வாங்க முடிவு செய்து, கோவை அவிநாசி ரோட்டில் மாருதியின் கிராண்ட் விட்டாரா ஆல் வீல் டிரைவையும் ஜிம்னியையும் ஓட்டிப் பார்த்தோம். விட்டாரா எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆன் ரோடு விலை விட்டாராவுக்கு 22 லட்சம், ஜிம்னியின் மேல்நிலை வேரியண்டான ஆல்ஃபாவுக்கு 16.4 லட்சம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய காருக்கு 1.5 லட்சம் கிடைக்கும். எஃப்.டி.யில் 9 லட்சம் எடுத்து, மீதி 11.5 லட்சத்துக்கு 7 வருடக் கடன் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் அந்த நாற்காலி வரியை இரண்டு முறை படித்தேன். இதை ஆசைக்குக் கார் வாங்கும் கணக்காக நான் பார்க்கவில்லை. இன்னொரு இரவு அப்படி வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் உங்களை ஷோரூமுக்கு அழைத்துப் போயிருக்கிறது. அதனால் அந்த இரவை மனதில் வைத்தே கணக்குப் போடுகிறேன்.

முதலில் பணம். 11.5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 84 மாதம் என்றால் தவணை சுமார் 18,500 ரூபாய். வட்டி மட்டும் 4 லட்சத்தைத் தாண்டும். சம்பளத்தில் வீட்டுச் செலவு போனால் 33,000 நிற்கிறது. மகளின் படிப்புக்கு மாதம் 13,300 ஒதுக்கினால் 19,700. தவணை கட்டியபின் கையில் 1,200 ரூபாய். பெரிய காரின் இன்சூரன்ஸ், சர்வீஸ், கூடுதல் பெட்ரோல் எல்லாம் தேயிலைப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். பசுந்தேயிலை விலை எப்படி ஆடும் என்று உங்கள் கணவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஃப்.டி.யில் மிஞ்சுவது 2 லட்சம். மாமியாருக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் கையிருப்பு 2 லட்சம் என்பது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. வீட்டுச் செலவும் படிப்பும் சேர்ந்து மாதம் 58,000 ஆகிறது. ஆறு மாதத்துக்கு மூன்றரை லட்சமாவது தொடாமல் இருக்க வேண்டும். ஆக, இந்தத் திட்டத்துக்கு என் பதில்: வேண்டாம்.

சரி, விட்டாரா இல்லையென்றால் ஜிம்னியா? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு காரிலும் 'நாலு சக்கரமும் இழுக்கும்' என்பது ஒரே விஷயம் கிடையாது.

விட்டாராவில் சாதாரணமாக முன் சக்கரங்கள்தான் இழுக்கும். அவை வழுக்கினால் கார் தானாகவே பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். ஓட்டுபவர் எதுவும் செய்ய வேண்டாம். மழையில் நனைந்த மேட்டுப்பாளையம் மலைச்சாலைக்கு இது அருமையான ஏற்பாடு. ஜிம்னி வேறு மாதிரி. சாதாரண ஓட்டத்தில் பின் சக்கரங்கள் மட்டும். சேறு வரும்போது தனி லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டியிருப்பதால் பல்சக்கரங்கள் முறுக்கேறும். ஆனால் ஜிம்னியில் 'லோ ரேஞ்ச்' இருக்கிறது. நடக்கிற வேகத்தில், முழு இழுவையோடு, செங்குத்தான சேற்றில் ஏற அதுதான் கருவி. விட்டாராவில் அது கிடையாது. உங்கள் வளைவுக்கு ஜிம்னி பொருத்தம், மலைச்சாலைக்கு விட்டாரா பொருத்தம். அவிநாசி ரோட்டில் ஓட்டினால் இந்த வித்தியாசத்தில் ஒரு துளிகூடத் தெரியாது. அங்கே உங்களுக்குப் பிடித்தது விட்டாராவின் சீட்டும் அமைதியும் கண்ணாடிக் கூரையும்தான்.

விலை வித்தியாசமும் பெரும்பாலும் அவற்றுக்குத்தான். 2022இல் விட்டாரா வந்தபோது ஆல்ஃபா மேனுவலுக்கும் அதே ஆல்ஃபாவின் ஆல் வீல் டிரைவுக்கும் இடையே ஒன்றரை லட்சம்தான் வித்தியாசம். ஆனால் அதை மேல்நிலை வேரியண்டில்தான் தருகிறார்கள் என்பதால், பின் சக்கர இழுவையும் வேண்டுமென்றால் கண்ணாடிக் கூரையையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஜிம்னியில் எல்லா வேரியண்டிலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு. கீழ்நிலையான ஸீட்டா எடுத்தால் உங்களுக்குச் சொன்ன விலையில் சுமார் ஒரு லட்சம் குறையும். ஆறு ஏர்பேக் அதிலும் இருக்கிறது. விட்டாராவுக்கு 27.97 மைலேஜ் என்று யாராவது சொல்லியிருந்தால், அது பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடலின் எண். அந்த மாடலுக்கு முன் சக்கர இழுவைதான். ஆல் வீல் டிரைவுக்குச் சான்றளித்த மைலேஜ் 19க்குச் சற்று மேல், ஜிம்னி மேனுவலுக்கு 16.94. மலையில் முறையே 13, 11 என்று வைத்து, வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஜிம்னிக்கு ஏறத்தாழ 17,000 ரூபாய் கூடுதல் பெட்ரோல். ஏழு வருடத்திலும் 1.2 லட்சம்தான். கார் விலையில் உள்ள ஐந்தரை லட்சத்தை அது தின்றுவிடாது.

ஜிம்னியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேருக்குத்தான் இடம். உங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கும், ஒரு விருந்தாளி வந்தால் இருக்காது. டிக்கி 208 லிட்டர். மகளை விடுதியில் விடும் நாளில் பெட்டி மடியில் இருக்கும். ஏறும் படி உயரம். மூட்டு வலிக்கும் வயதில் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாமியார் டெஸ்ட் டிரைவுக்கு வந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் அவரை ஏற்றிப் பார்க்காமல் ஜிம்னிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவதை தயவுசெய்து உங்கள் கணவரோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

பிரச்சினை 300 மீட்டரில் ஒரு வளைவு என்கிறீர்கள். அந்த வளைவும் அதை ஒட்டிய ஏற்றமும் சேர்ந்து 50 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முழுப் பாதையையும் போட வேண்டாம். இரண்டு சக்கரத் தடத்துக்கும் தலா இரண்டடி அகலத்தில், ஐந்து அங்குல கனத்தில் கான்கிரீட் பட்டை போட்டால் ஏழெட்டு கன மீட்டருக்குள் முடிந்துவிடும். மேலே குறுக்குக் கோடு கீறிவிட்டால் பிடிப்பு கிடைக்கும். ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டாவது மழையில் அடிமண் கரைந்து பட்டை தொங்கும். ஜல்லி, மணல் சுமை கூலியோடு சேர்த்து ஒன்றரை லட்சமே ஆனாலும், விட்டாராவில் நீங்கள் கட்டவிருந்த வட்டியில் பாதிகூட இல்லை.

கார் உங்கள் குடும்பத்தை மட்டும்தான் ஏற்றும். ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டும், அவர் பதறாமல் இருக்க வேண்டும். வளைவைச் சரிசெய்தால் 108 ஆம்புலன்ஸ் உங்கள் வாசல்வரை வர வழி கிடைக்கும், ஆக்ஸிஜனோடு, பயிற்சி பெற்ற ஆளோடு. மூச்சுத் திணறும் ஒருவருக்கு எந்தக் காரின் பின் சீட்டையும்விட அது மேல். தேயிலை ஏற்ற வரும் வண்டிக்கும் அந்தப் பட்டை உதவும். பாதை பொதுவானதென்றால் ஊராட்சியில் கேளுங்கள், பயன்படுத்தும் மற்ற வீட்டுக்காரர்களிடமும் பேசுங்கள். செலவு பங்காகலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. இப்போதுள்ள காரின் டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆறேழு வருடம் ஆன, தேய்ந்த டயரென்றால் அது சேற்றில் சுழல்வதில் ஆச்சரியமே இல்லை. ஆல் வீல் டிரைவ் கிளம்பவும் ஏறவும் உதவும். நிறுத்துவது டயர்தான். எந்தக் கார் வாங்கினாலும் ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் வழக்கத்தை விடாதீர்கள்.

பாதை சரியாகுமென்றால் நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின், நல்ல தரை இடைவெளி உள்ள கார் போதும். பஞ்ச், எக்ஸ்டர், ஃபிராங்ஸ் 1.2 மாதிரியானவை. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிம்னி நான்கு மீட்டருக்குள் இருந்தாலும் இன்ஜின் 1462 சி.சி. என்பதால் அதற்கு 40 சதவீதம், விட்டாராவுக்கும் அதேதான். தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சம் காருக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் கட்டுவீர்கள். 18 லட்சம் காருக்கு 3.2 லட்சம். அப்படிப்பட்ட காரின் ஆன் ரோடு விலையை 10.7 லட்சம் என்று வைத்து, பாதைக்கு ஒன்றரை லட்சம் சேர்த்தால் 12.2 லட்சம். பழைய கார் 1.5, எஃப்.டி.யில் 7 போக, கடன் 3.7 லட்சம். மூன்றே வருடத்தில் முடிக்க மாதம் 11,800. கையிருப்பு 4 லட்சம் அப்படியே இருக்கும். என் முதல் சிபாரிசு இது.

பாதையில் கைவைக்க முடியாது, பக்கத்துக்காரர் சம்மதிக்கவில்லை, அல்லது சரிவே நகர்கிற மண் என்றால் ஜிம்னி ஸீட்டா. 15.3 லட்சத்தில் பழைய காரும் எஃப்.டி. 7 லட்சமும் போக 6.8 லட்சம் கடன், ஐந்து வருடம், மாதம் 14,100. சம்பளத்தில் 5,600 மிஞ்சும், தேயிலைப் பணம் தனி. தாங்கும். விட்டாராவுக்கு நான் போக மாட்டேன். அதே கார் டொயோட்டாவில் ஹைரைடர் என்ற பெயரில் வருகிறது. அங்கே விலை கேட்டாலும் ஐந்தரை லட்சப் பள்ளம் மூடாது.

சில சில்லறை விஷயங்கள். 10 லட்சத்துக்கு மேல் கார் வாங்கினால் டி.சி.எஸ். என்று 1 சதவீதம் வருமான வரியை விற்பவரே முன்கூட்டி வாங்கிக்கொள்வார். அது உங்கள் பணம், வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி தேவை, சொந்தச் சேதத்துக்கு வருடாவருடம் எடுக்கலாம். அதை மட்டும் எந்த வருடமும் விட்டுவிடாதீர்கள்: நிலச்சரிவும் பாறை உருளலும் அதில்தான் அடங்கும், மூன்றாம் நபர் காப்பீட்டில் வராது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்த ஊர் உங்களுடையது. அப்படி மழை கொட்டும் நாளில் எந்த டிரைவ் காரையும் வெளியே எடுக்காதீர்கள். அப்புறம், அரசு ஊழியர் என்பதால் கார் வாங்குவதைத் துறைக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த வாரம் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் வளைவைக் காட்டி, வாய்க்காலோடு சேர்த்து விலை எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை ஷோரூமிலிருந்து போன் வந்தால், வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். ஜிம்னிதான் என்று ஆகிவிட்டால், ஒரு நல்ல மழை முடிந்த மறுநாள் டெமோ காரை உங்கள் பாதைக்கே கொண்டுவரச் சொல்லி, மாமியாரை முன் சீட்டில் உட்காரவைத்து அந்த வளைவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.