பணக்காரர்களின் கடல் கடக்கும் பாய்மரப் பந்தயம் எப்படி ஆரம்பித்தது? கப்பலை அவர்களே ஓட்டினார்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இல்லை. ஆரம்ப காலத்தில் கப்பலும் பணமும் முதலாளியுடையவை, ஓட்டியவர்கள் சம்பளத்துக்கு வந்த மாலுமிகள். சில பந்தயங்களில் முதலாளி கப்பலில் ஏறக்கூட இல்லை.

கரையோரப் பந்தயங்கள் பழையவை. 1661-லேயே இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸும் அவர் தம்பியும் 100 பவுன் பந்தயம் கட்டித் தேம்ஸ் ஆற்றில் படகு விட்டார்கள். 1815-இல் இங்கிலாந்திலும் 1844-இல் நியூயார்க்கிலும் பெரிய யாட் (பணக்காரர்களின் உல்லாசப் பாய்மரப் படகு) கிளப்புகள் வந்துவிட்டன. ஆனால் அதெல்லாம் கோடைக்கால வேடிக்கை. காலையில் கிளம்பி மாலையில் விருந்துக்குத் திரும்பிவிடலாம். பெருங்கடலைக் கடந்து பந்தயம் என்பது 1866 டிசம்பரில்தான் தொடங்கியது. அதுவும் குடிபோதையில் போட்ட சவால் என்றுதான் சொல்வார்கள்.

அந்த அக்டோபரில், நியூயார்க் கிளப் ஒன்றில், புகையிலைக் குடும்பத்து வாரிசு பியர் லோரிலார்டுக்கும் ஆஸ்குட் சகோதரர்களுக்கும் யாருடைய ஸ்கூனர் (இரண்டோ அதற்கு மேலோ பாய்மரக் கம்பங்கள் உள்ள கப்பல்) வேகமானது என்று வாக்குவாதம். லோரிலார்டின் 'வெஸ்டா'வா, ஆஸ்குட்களின் 'ஃப்ளீட்விங்'கா? இங்கிலாந்து வரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆளுக்கு 30,000 டாலர் கட்டினார்கள். நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை அதிபரின் மகன் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஜூனியருக்கு அப்போது 25 வயது. நானும் வருகிறேன் என்று தன் 'ஹென்ரியெட்டா'வோடு அவரும் சேர்ந்துகொண்டார். மொத்தம் 90,000 டாலர், ஜெயித்தவருக்கே எல்லாம். டிசம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை நியூயார்க் வாசலில் உள்ள சாண்டி ஹூக்கிலிருந்து கிளம்ப வேண்டும். இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள நீடில்ஸ் பாறைதான் எல்லை. சுமார் 3,000 கடல் மைல்.

நான் சரக்குக் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். டிசம்பரில் வட அட்லாண்டிக்கைக் கடந்தும் இருக்கிறேன். அத்தனை பெரிய இரும்புக் கப்பலிலேயே சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். இவர்களுடையவை நூறு அடியைச் சற்றே தாண்டிய மரக் கப்பல்கள். கரையோரக் கோடைப் பந்தயத்துக்குக் கட்டிய உடம்பு, தண்ணீரிலிருந்து அதிக உயரமில்லாத டெக். அந்தப் பருவத்தைப் போய்த் தேர்ந்தெடுத்ததற்கு வீம்பைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று முதலாளிகளில் கப்பலில் ஏறியவர் பென்னட் மட்டும்தான். அவருமே சுக்கானைப் பிடிக்கவில்லை. அதற்கு கேப்டன் சாமுவேல் சாமுவேல்ஸை அமர்த்தியிருந்தார். 'டிரெட்நாட்' என்ற அஞ்சல் கப்பலை இதே அட்லாண்டிக்கில் வெறித்தனமான வேகத்தில் ஓட்டிப் பெயர் வாங்கியவர் அவர், 11 வயதில் வீட்டை விட்டு ஓடி மாலுமியானவர். என்னைக் கேட்டால் பந்தயத்தின் முடிவு அங்கேயே பாதி எழுதப்பட்டுவிட்டது.

டிசம்பர் 11 மதியம் கிளம்பினார்கள். ஒரு வாரத்துக்கெல்லாம் புயல் பிடித்துக்கொண்டது. 19-ஆம் தேதி ஃப்ளீட்விங்கின் மேல் ஒரு பெரிய அலை ஏறியது. பின்பக்கம், சுக்கான் பிடிக்கும் இடத்தில் நின்றிருந்த எட்டுப் பேரை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. இரண்டு பேர் மட்டும் எப்படியோ கப்பலுக்குத் திரும்பினார்கள். மீதி ஆறு பேர் போனது போனதுதான். புயல் காற்றைப் பின்னால் வாங்கி ஓடும் ஸ்கூனரை நினைத்த இடத்தில் திருப்பி நிறுத்த முடியாது. பாயைச் சுருக்கி, காற்றுக்கு முகம் திருப்பி நிறுத்துவதற்குள் விழுந்தவன் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருப்பான். பந்தயம் போட்ட ஆஸ்குட்கள் அந்த நேரத்தில் அமெரிக்கக் கரையில் இருந்தார்கள்.

புயல் உச்சத்தில் இருந்தபோது சாமுவேல்ஸ் ஹென்ரியெட்டாவைக் காற்றுக்கு எதிரே நிறுத்திப் பொறுத்திருந்தார். பந்தயத்தில் நிற்பதா என்று தோன்றலாம். அனுபவம் என்பது அதுதான். கிறிஸ்துமஸ் அன்று மாலை ஹென்ரியெட்டா முதலில் வந்து சேர்ந்தது. 13 நாள், 21 மணி, 55 நிமிடம். ஆறு பேரை இழந்த ஃப்ளீட்விங் சுமார் எட்டு மணி நேரம் கழித்து வந்தது. வெஸ்டா அதற்கு முன்பே வந்திருக்க வேண்டியது. கடைசிக் கட்டத்தில், இங்கிலீஷ் கால்வாயில் ஏற்றிக்கொண்ட பைலட் (கரைக்கு வழிகாட்டும் உள்ளூர் மாலுமி) வழியைத் தவறவிட்டதால் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. மூன்று கப்பல்களும் ஒரே இரவுக்குள் வந்துவிட்டன என்பது நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

செய்தி உடனே நியூயார்க்குக்குப் பறந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் அட்லாண்டிக் தந்தி கேபிள் நிரந்தரமாக வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. பென்னட்டின் வீட்டிலேயே ஒரு பத்திரிகை இருந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்! சில ஆண்டுகளில் அவர் நியூயார்க் யாட் கிளப்பின் தலைவரே ஆகிவிட்டார்.

1870-இல் அவருடைய 'டான்ட்லெஸ்', ஜேம்ஸ் ஆஷ்பரி என்ற ஆங்கிலேயரின் 'கேம்ப்ரியா'வோடு அயர்லாந்திலிருந்து நியூயார்க்குக்குப் போட்டி போட்டது. இதிலும் இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்து இறந்தார்கள். அவர்களைத் தேட டான்ட்லெஸ் நின்றது. கடைசியில் அது தோற்றது 1 மணி 43 நிமிட வித்தியாசத்தில். 1887-இல் கோல்ட் துப்பாக்கியை உருவாக்கிய சாமுவேல் கோல்ட்டின் மகன் கால்டுவெல் கோல்ட்டிடம் வந்திருந்த அதே டான்ட்லெஸ், 'கொரோனெட்'டிடம் மறுபடி தோற்றது.

இந்த வகையின் உச்சம் 1905. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தங்கக் கோப்பை அறிவிக்க, 11 கப்பல்கள் கிளம்பின. வில்சன் மார்ஷல் என்ற அமெரிக்கரின் மூன்று பாய்மர 'அட்லாண்டிக்' 12 நாள் 4 மணி நேரத்தில் இங்கிலாந்தின் லிசார்டு முனையைத் தொட்டது. பாய்மரக் கப்பல் எதுவும் 1980 வரை அந்த நேரத்தை முந்தவில்லை. கேப்டன் சார்லி பார், சம்பளத்துக்கு ஓட்டிய ஸ்காட்லாந்துக்காரர். இவரை நாம் வேறு வழியிலும் தெரிந்துகொள்ளலாம். இலங்கை மலைநாட்டில் தமிழ்த் தொழிலாளர்கள் பறித்த தேயிலையில் பெரும் பணம் பார்த்த தாமஸ் லிப்டன், அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டிக்காக 'ஷாம்ராக்' படகுகளை அனுப்பி ஐந்து முறை தோற்றாரே, அதில் முதல் மூன்று முறை எதிரணிக் கேப்டன் இதே பார்தான். பேரரசரின் கோப்பையோ, முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்துக்காக உருக்கப் போனபோது வெறும் தங்க முலாம் என்று தெரிந்ததாம்.

முதலாளியே சுக்கான் பிடிக்கும் கடல் பந்தயம் 1905-க்கு அடுத்த ஆண்டு வந்தது. படகுப் பத்திரிகை ஆசிரியர் தாமஸ் ஃபிளெமிங் டே, சிறிய படகில் சம்பள மாலுமிகள் இல்லாமலேயே கடலில் போகலாம் என்று அடம்பிடித்து, நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் தீவான பெர்முடாவுக்கு 1906 மே மாதம் ஒரு பந்தயம் நடத்தினார். வந்தவை மூன்றே படகுகள். ஒன்றில் தோரா ராபின்சன் என்ற இளம்பெண்ணும் இருந்தார். 'டாமர்லேன்' படகில் டேயே கேப்டனாகப் போய் ஜெயித்தார். பெர்முடா பந்தயம் இன்றும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, இப்போது அமெரிக்காவின் நியூபோர்ட்டிலிருந்து. பெரும் பணக்காரர்களின் படகுகளும் வருகின்றன, அவற்றில் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஓட்டிகளும் வருகிறார்கள்.