சாரா சிடன்ஸ் படம்: கைவரைவா, வண்ணம் பூசிய அச்சா?

ஆங்கில நடிகர் டேவிட் கேரிக்கின் வாழ்க்கை வரலாற்றுப் பிரதியில் யாரோ சேர்த்துக் கட்டிய, ஆங்கில நாடக நடிகை சாரா சிடன்ஸ் ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பெத்தாக நிற்கும் நீர்வண்ணப் படம் கைவரைவுதானா, கழற்றிச் சட்டம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து கழற்றாதீர்கள். இத்தகைய படங்களைப் பெரும்பாலும் பெரிய தாளில் சன்னல் வெட்டி, ஓரத்தை மெலிதாகச் சீவி, 2–3 மி.மீ. அகலத்துக்குப் பசையிட்டுப் பொருத்தியிருப்பார்கள். பசையை இளக்க ஈரம் வைத்தால் வண்ணம் கலங்கும். சீவிய ஓரம் முதலில் கிழியும்.

10 மடங்கு லென்ஸில் முகத்தையும் கழுத்து நிழலையும் பாருங்கள். வண்ணத்துக்கு அடியில் ஒழுங்கான புள்ளிகளோ செதுக்குக் கோடுகளோ தெரிந்தால் அது அச்சு. மினுங்கும் பென்சில் துகள்கள் தெரிந்தால் பெரும்பாலும் கைவரைவு. அச்சுத் தகடு தாளில் அழுத்திய பள்ளம் இல்லாததை மட்டும் நம்பாதீர்கள். ஒட்டும்போது அந்த விளிம்பை வெட்டிவிடுவது வழக்கம்.

கைவரைவு என்றாலும் மேடையைப் பார்த்து வரைந்தது என்றாகாது. அச்சுப்படங்களைப் பார்த்து நகலெடுப்பதும் உண்டு. தாளுக்குப் பின்னால் மெல்லிய வெளிச்சம் பிடித்து நீர்க்குறியை, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதிந்த குறியைத் தேடுங்கள். 1794க்குப் பிறகு பல ஆங்கிலேயத் தாள்களில் ஆண்டும் இருக்கும். சிடன்ஸ் மேடையிலிருந்து விடைபெற்றது 1812இல். நீர்க்குறி 1825 என்றிருந்தால் மேடையைப் பார்த்து வரைந்ததல்ல.

எதிர்ப்பக்கத்தில் அமிலமற்ற மெல்லிய தாள் ஒன்று வையுங்கள், போதும்.